பத்தில் ஒன்று

பத்து முட்டைகளை அடை வைக்கிறவர்கள் யாரும் பத்துக் கோழிகளை எதிர்பார்ப்பதில்லை. நாட்டுக்கோழி வளர்த்த வீடுகளில் பிறந்தவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். இரண்டு முட்டை கூமுட்டையாகப் போகும். ஒன்று ஓட்டுக்குள்ளேயே வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். பொரித்த ஏழில் ஒன்றைப் பருந்துக்கும், ஒன்றை மழைக்கும், ஒன்றைக் கீரிக்கும் கொடுத்ததுபோக, மூன்றோ நாலோ தேறினால் அந்த வருஷம் நல்ல வருஷம். கோழியே இந்தக் கணக்கை அறிந்துதான் ஒரு சுற்றில் பத்து, பன்னிரண்டு என்று இடுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்வளவு தெளிவாக எதிர்பார்க்கப்படும் இழப்பு, வரும்போது மட்டும் ஏன் எதிர்பாராததாக இருக்கிறது? விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது கால்களை நீட்டிக்கொண்டு ஒரு குஞ்சு கிடந்தால், வருஷத்துக்கு மூன்று தடவை அடை வைத்துப் பழகிய அந்த வீட்டு அம்மாள் ஏன் 'ஐயோ!' என்கிறாள்?

எனக்குத் தோன்றும் விடை இது. எத்தனை போகும் என்பது நமக்குத் தெரியும். எது போகும் என்பது தெரியாது. கணக்கு எண்ணிக்கையைப் பற்றியது. துக்கமோ எப்போதும் ஒன்றைப் பற்றியது. மூன்று போகும் என்று மனத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருக்கலாம். ஆனால் கழுத்தில் கறுப்புப் பொட்டு வைத்த அந்தக் குஞ்சு, நேற்று மாலை உள்ளங்கையில் ஏறி நின்று நொய்யரிசி கொத்திய அந்தக் குஞ்சு, அந்த மூன்றில் ஒன்று என்று யாரும் நமக்குச் சொல்லியிருக்கவில்லை.

"ஒரு கோழிக்குஞ்சு செத்ததற்கு இவ்வளவு தத்துவமா?" என்று சிரிக்கிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய இழப்புகள் வரும்போது நமக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. உறவினர்கள் வந்துவிடுகிறார்கள், சடங்குகள் வந்துவிடுகின்றன, யார் என்ன சொன்னார்கள், யார் வரவில்லை என்ற விசாரணைகள் வந்துவிடுகின்றன. துக்கத்தை நேருக்கு நேர் பார்க்க ஒரு சந்தர்ப்பமும் வாய்ப்பதில்லை. சின்ன இழப்பில்தான் அந்த வசதி இருக்கிறது. யாரும் துக்கம் விசாரிக்க வராத ஒரு சாவின் முன்னால், மனிதன் தன் மனத்தோடு தனியாக நிற்கிறான்.

என் பெரியம்மா காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் கோழி வளர்த்தாள். முட்டை விற்ற காசு அவளுடைய சொந்தக் காசு. பெரியப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டாத காசு. பள்ளி விடுமுறைக்கு நான் போயிருந்த சமயம், ஒரே இரவில் ஐந்து குஞ்சுகள் போய்விட்டன. கூட்டின் மண்சுவரில் அடிப்பக்கம் ஒரு பொந்து. கீரி வந்து போயிருக்கிறது. தாய்க்கோழி ஒரு மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, மிச்சமிருந்த நாலு குஞ்சுகளை அடியில் அடக்கிக்கொண்டு நின்றது. பெரியம்மா குனிந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் எனக்குத் தெரியவில்லை. பட்டணத்துப் பையனான எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் பெரியம்மா, உங்களுக்கு வருத்தமாவே இல்லையா?"

"வருத்தம் இருக்கட்டும்டா. முதல்லே அந்தப் பொந்தை அடைக்கலாம். போய் ரெண்டு செங்கல் எடுத்துக்கிட்டு வா."

அப்போது அவள்மீது எனக்குக் கோபம்தான் வந்தது. கல்நெஞ்சம் என்று நினைத்தேன். பிறகு பல வருஷங்கள், பலவிதமான துக்கங்களை அருகிலிருந்து பார்த்தபின், அந்த இரண்டு வாக்கியங்களின் வரிசை எனக்குப் பெரிதாகப்படுகிறது. வருத்தத்தை அவள் இல்லையென்று சொல்லவில்லை. 'இருக்கட்டும்' என்றாள். இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கட்டும். அன்று இரவு கீரி திரும்பி வரும்; நாலு குஞ்சுகள் இருக்கின்றன. அதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

இழப்பு வந்ததும் நம் மனத்துக்குள் இரண்டு குரல்கள் பேசத் தொடங்குகின்றன. ஒன்று, 'எல்லாம் விதி' என்கிறது. மற்றொன்று, 'எல்லாம் என் தவறு' என்கிறது. முதற்குரல் அடக்கம் போலத் தோன்றும். இரண்டாவது குரல் பொறுப்புணர்ச்சி போலத் தோன்றும். இரண்டையுமே சந்தேகப்பட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

விதி என்ற சொல்லுக்குள் எவ்வளவோ சோம்பல் ஒளிந்துகொண்டிருக்கிறது. கோடைக்காலத்தில் வெள்ளைக்கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூடு காலியாவதை ஊர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கின்றன. அம்மனுக்குக் கோபம் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். 1926-இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தருகே அடையாளம் காணப்பட்ட நோய் அது. அதே காலத்தையொட்டி இமயமலைச் சாரலில் ராணிகேட் என்ற ஊரிலும் காணப்பட்டதால், நம் நாட்டில் அதற்கு ராணிகேட் நோய் என்றே பெயர் நின்றுவிட்டது. வந்தபின் அதற்கு மருந்து இல்லை. வராமல் தடுக்க மருந்து உண்டு: முதல் வாரத்திலேயே குஞ்சின் கண்ணிலும் மூக்கிலும் விடுகிற சொட்டு. ஒரு சொட்டு மருந்து தடுக்கக்கூடியதை விதி என்று சொன்னால், விதிமீது நாம் வீண்பழி போடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

குளிரும் அப்படியே. பொரித்த குஞ்சுக்குத் தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரத்தில் அதைச் சுற்றி 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க்கோழி இருந்தால் இந்தக் கணக்கை அதன் வயிற்றுப்புறம் பார்த்துக்கொள்ளும். தாய் இல்லாத இடத்தில் மின்விளக்கு பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பமானி கூட அவசியமில்லை. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்தால் குளிர். விளக்கைவிட்டு ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்துகொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தால் சரி. நெருக்கியடிக்கும்போது அடியில் அகப்பட்டது மூச்சு முட்டிச் சாகும். தண்ணீர்த் தட்டில் விழுந்தும் குஞ்சு சாகும். தட்டில் நாலு கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் சாகாது. நாலு கூழாங்கல்லுக்கும் விதிக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்!

இதனால் இரண்டாவது குரல்தான் நியாயமானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 'எல்லாம் என் தவறு' என்கிறவர், தம்மையறியாமல் ஒரு பெரிய அதிகாரத்தைத் தமக்குக் கொடுத்துக்கொள்கிறார். என் கவனத்தை மீறி ஒன்றும் நடக்காது. நான் கவனித்திருந்தால் மரணமே வந்திராது என்கிறார். துக்கத்தின் வேஷத்தில் இப்படி ஓர் அகந்தை வருவதுண்டு. அது வேறு யாரையும் புண்படுத்துவதில்லை, உரியவரையே தின்றுவிடும்.

ஓட்டைக் கொத்தித் துளை போட்டுவிட்ட குஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தொரு நாள் காத்திருந்தாயிற்று. அலகு நுனி தெரிகிறது, கீச்சுக்குரல் கேட்கிறது. பிறகு மணிக்கணக்காக ஓர் அசைவும் இல்லை. முழுக்க வெளியே வர அரைநாளும் ஆகும். ஒரு நாளும் ஆகும். சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் அந்த நேரத்தில், ஓட்டின் உள்சவ்வில் ஓடிய இரத்தம் குஞ்சின் உடலுக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறது. மிச்ச மஞ்சட்கரு அதன் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. பொறுக்கமாட்டாமல் ஓட்டை உரித்துவிட்டால், சவ்வில் இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துபோகலாம். உரிக்காமல் பொறுத்திருந்தாலோ, சில குஞ்சுகள் களைத்துப்போய் உள்ளேயே இறப்பதும் உண்டு. உரித்த கையும் வருந்துகிறது. உரிக்காத கையும் வருந்துகிறது. 'மாற்றிச் செய்திருந்தால் பிழைத்திருக்குமோ?' என்று இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடையில்லை. விடையில்லாத கேள்வியைக் குற்றப்பத்திரிகையாக எழுதித் தன்மேல் ஒட்டிக்கொள்வது நியாயமாகுமா?

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்று நம் ஊரில் ஒரு பழமொழி. தாயின் கண்டிப்பு பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது என்று சொல்ல வந்தது. சொல்ல வந்த பொருள் அழகானது. ஆனால் கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும்: எப்போதாவது மிதிபட்டுச் சாகத்தான் செய்கிறது. பிறந்த ஒன்றிரண்டு நாளில், அடையிலிருந்து கோழி எழும்போது, காலடியில் சிக்கிய குஞ்சு பிழைப்பதில்லை. கோழிக்கு அதில் என்ன குற்றம்? காப்பதற்காக உட்கார்ந்த அதே உடம்பு. மற்றக் குஞ்சுகளுக்காக எழுந்த அதே கால். நெருங்கி இருந்து காப்பாற்றுகிற அன்புக்கு, நெருக்கத்தாலேயே வரக்கூடிய ஓர் ஆபத்து உண்டு. அந்தச் சாவுக்குக் குற்றவாளி கிடையாது. குற்றவாளி இல்லாத சாவுகளும் இந்த உலகில் உண்டு என்று ஒப்புக்கொள்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும்.

திருக்குறளின் அதிகார வரிசையை நான் சில சமயம் எண்ணிப் பார்ப்பதுண்டு. 'ஊழ்' 38-ஆவது அதிகாரம். முயற்சியைப் பாடும் 'ஆள்வினையுடைமை' 62-ஆவது அதிகாரம். அதற்கு அடுத்தபடியாக 63-ஆவதாக நிற்பது 'இடுக்கண் அழியாமை'. முயற்சியைப் போதித்தவுடனே, துன்பத்தில் உடைந்து போகாதே என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது! முயன்றவனுக்குத் துன்பம் வராது என்றால் அந்த அதிகாரத்துக்கே அங்கே வேலையில்லை. பொந்தை அடைப்பவனுக்குத்தான், அடைத்த பிறகும் குஞ்சு போனால் தாங்கிக்கொள்ளும் தெம்பு தேவைப்படுகிறது.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தொடர்கதையில் ஒரு பாத்திரம் இறந்துவிட்டால், "அவளை ஏன் சாகடித்தீர்கள்?" என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்ல எனக்குக் கடமையும் உண்டு. கதையில் வரும் சாவுக்குக் காரணம் இருந்தே ஆகவேண்டும். காரணமில்லாமல் ஒருத்தியைக் கொன்றால் அது மோசமான கதை. இப்படி நல்ல கதைகளையே படித்துப் பழகிய மனம், வாழ்க்கையிலும் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம், ஒரு பொருள், ஒரு பாடம் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. நேற்று ஓடியாடிய குஞ்சு இன்று காலை காரணம் தெரியாமல் கிடக்கிறது. உள்ளுறுப்பில் பிறவிக்கோளாறாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். அங்கே கதை இல்லை. கதை இல்லாத இடத்தில் கதை கட்டும்போதுதான், கடைசியில் ஒரு வில்லன் தேவைப்படுகிறான். வேறு யாரும் அகப்படாவிட்டால் நாமே வில்லனாகிவிடுகிறோம்.

சென்னையில் ஒரு நண்பர், வங்கியில் வேலை பார்ப்பவர், ஒரு நாள் என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூட வாசலில் கூடையில் வைத்து விற்கிறார்களே, ரோஜா நிறம், பச்சை, ஊதா என்று சாயம் தோய்த்த குஞ்சுகள், அவற்றில் ஒன்றை ஆறு வயது மகள் கேட்டாள் என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது ரோஜா நிறக் குஞ்சு. 'பட்டு' என்று பெயர் வைத்து, செருப்பு வந்த அட்டைப்பெட்டியில் அவள் வளர்த்தாள். மூன்றாம் நாள் இரவு அது இறந்துவிட்டது. குழந்தை எழுவதற்குள் அதை எடுத்தெறிந்துவிட்டு, முந்தின நாளே விற்பனைக்காரரிடம் வாங்கி அடுத்த வீட்டில் விட்டுவைத்திருந்த இன்னொரு ரோஜா நிறக் குஞ்சைப் பெட்டியில் வைத்துவிட்டார். முதற்குஞ்சு சோர்ந்துபோனதைப் பார்த்தே செய்த முன்னேற்பாடு அது! அன்பினால்தான் செய்தார். குழந்தை எழுந்து வந்து, பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது பட்டு இல்லேப்பா. பட்டு இப்படி நிக்காது" என்றதாம். "கதை எழுதுகிறீர்களே, இப்போது நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

அந்தச் சாயக் குஞ்சுகளின் வரலாற்றை அவருக்கு நான் சொன்னேன். முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் சேவற்குஞ்சுக்கு வியாபாரத்தில் இடமில்லை. முட்டை இடாது, இறைச்சிக்கென்றால் போதிய வேகத்தில் சதை பிடிக்காது. ஆகவே உலகெங்கும் பெரும்பாலான பொரிப்பகங்களில் அவற்றைப் பிறந்த நாளன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 முதல் இதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. நம் ஊரில் அவற்றில் ஒரு பகுதி சாயம் தோய்ந்து தெருவுக்கு வருகிறது. தீனியில்லாமல் இரண்டு மூன்று நாள் அவை தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், பொரிக்குமுன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு. முதலில் பொரித்த குஞ்சு, கடைசியாகப் பொரிக்கும் தம்பி தங்கைகளுக்காகத் தாயின் அடியில் காத்திருக்க இயற்கை கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. அந்தக் கட்டுச்சோற்றின் பலத்தில்தான் அவை லாரி ஏறி, கூடை ஏறி, பள்ளிக்கூட வாசலுக்கு வந்து சேருகின்றன. பட்டுவின் சாவுக்குக் குழந்தையும் காரணமில்லை. தகப்பனாரும் முக்கால்வாசி காரணமில்லை. அட்டைப்பெட்டியில் ஒரு விளக்கு இல்லாதது கால்வாசி.

"குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள். செத்துப்போனது என்று சொல்லுங்கள். இரண்டாவது குஞ்சுக்கு இரண்டாவது பெயர் வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கு மேலே ஒரு விளக்குப் போடுங்கள்" என்றேன். வியாபாரக் கணக்கில் ஒரு ரோஜா நிறக் குஞ்சுக்கு இன்னொரு ரோஜா நிறக் குஞ்சு ஈடுதான். அந்தக் கணக்கு பொய்யுமல்ல. அது இல்லாவிட்டால் கோழிப்பண்ணையே நடக்காது. ஆனால் அதை ஒரு குழந்தையின் அன்புக்குள் கொண்டுபோய் வைத்தால், 'நீ நேசித்தது எதையும் மாற்றி வைத்துவிடலாம்' என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்ததாகிறது. அவள் வளர்ந்தபின், தன்னையும் அப்படி மாற்றி வைத்துவிட முடியும் என்று அதிலிருந்து புரிந்துகொள்ளமாட்டாளா?

இரண்டாவது குஞ்சு பிழைத்ததா என்று வாசகர்கள் கேட்கலாம். பதினொரு நாள் இருந்தது. அன்று குழந்தை அழுதாள். தகப்பனார் எதையும் மறைக்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து செம்பருத்திச் செடியடியில் புதைத்தார்கள். முதற்குஞ்சுக்குக் கிடைக்காத அழுகை இதற்குக் கிடைத்தது.

குஞ்சை இழந்த கோழி மறந்துபோய் உடனே மேயத் தொடங்கிவிடுகிறது என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். 2011-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். குஞ்சுகளின்மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள். ஆபத்து ஒன்றுமில்லை, சிறு தொந்தரவு, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழிகளின் இதயத்துடிப்பு அதிகரித்தது, அவை நிமிர்ந்து விழித்து நின்றன, குஞ்சுகளைக் கூப்பிட்டன. குஞ்சுக்கு வந்த சிறு தொல்லையே தாயின் இதயத்தில் தெரிகிறது. அப்படியிருக்க, பருந்து ஒன்றைக் கொண்டுபோனபின் அது மீண்டும் மண்ணைக் கிளறுவதற்கு 'மறதி' என்று பெயர் வைக்க நமக்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? கிளறிய மண்ணில் கிடைத்ததை அது தான் தின்பதில்லை. கொக்கரித்து, மிச்சமுள்ள குஞ்சுகளைத்தான் கூப்பிடுகிறது.

கோழியின் மனத்தில் என்ன இருக்கிறதோ, நமக்குத் தெரியாது. மனிதரைப் பற்றி ஒன்று சொல்லலாம். கோழி வளர்க்கும் வீடுகளில், பொழுது சாயும்போது கூட்டை அடைக்குமுன் எண்ணிப் பார்க்கும் வழக்கம் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அது வெறும் கணக்கு. ஆனால் எண்ணுகிறவளை அருகிலிருந்து கவனித்தால், அவள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதில்லை என்பது தெரியும். கறுப்புப் பொட்டு வந்துவிட்டது, நொண்டி வந்துவிட்டது, தவிட்டு நிறம் எங்கே? இப்படித்தான் அவள் எண்ணுகிறாள். எண்ணிக்கை வேறு, நேசம் வேறு என்று முதலில் நான் பிரித்துப் பேசினேன்; அந்தக் கூட்டின் வாசலில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எது குறைகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே அவள் எண்ணுகிறாள்.

ஆகவே, இழப்பைத் தாங்குவதற்கு மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்ற உபதேசத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பெயர் வைக்காதே, முகம் பார்க்காதே, நிறத்தை நினைவில் வைக்காதே என்று சொல்கிறவர்கள், வலியை மிச்சப்படுத்துவதாக எண்ணி வளர்ப்பதன் சுகத்தையும் சேர்த்தே இழக்கச் சொல்கிறார்கள். முகம் பார்க்காதவனுக்கு எது சோர்ந்து நிற்கிறது என்றும் தெரியாது. தெரியாவிட்டால் காப்பாற்றவும் முடியாது. வலிக்கிற அதே இடத்திலிருந்துதான் கவனமும் பிறக்கிறது.

நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான். போனதைப் போனது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது. பொந்து இருந்தால் அடைப்பது; இல்லையென்றால் இல்லாத பொந்தைத் தன் நெஞ்சில் தேடாமல் இருப்பது. இருக்கிறவற்றுக்குத் தீனி வைப்பது. பிறகு, ஐப்பசி அடைமழை ஓய்ந்து கோழி மறுபடியும் அடைக்கு உட்காரும்போது, பத்தில் எத்தனை தேறும் என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டே, பத்து முட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் துடைத்து அதன் அடியில் வைப்பது.